வாயு மூலை

மயிலாப்பூர்ச் சந்து வீட்டுக் கக்கூஸை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது. பின்சந்தில் ஒரு தகரக் கதவு. விடிந்ததும் ஒரு மனிதர் வந்து அதைத் திறந்து, நாங்கள் கழித்ததைக் கூடையில் வாரிச் சுமந்துகொண்டு போவார். நாங்கள் அவரைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொள்வோம். சே, என்ன ஜென்மங்கள் நாங்கள்!

அம்மாவுக்கு அதைவிடப் பெரிய குறை தண்ணீர். எங்கள் கிணறு உப்பு, பருப்பு வேகாது. நல்ல தண்ணீருக்கு ஊரான் வீட்டு வாசலில் குடத்தோடு நின்று நின்று அவளுக்கு மானமே போய்விட்டது. முப்பதுகளின் தொடக்கத்தில் அடையாறில் தென்னந்தோப்புகளை மனையாக்கி விற்றார்கள். அங்கே கிணற்றுத் தண்ணீர் தித்திக்கிறது என்று கேள்விப்பட்டதும், "எனக்கு நகை வேணாம், நட்டு வேணாம், அந்தக் கிணறு போதும்" என்று அப்பாவைப் பிடுங்கியெடுத்தாள்.

அப்பாவுக்கோ செப்டிக் டாங்க் மோகம். எங்கேயோ படித்துவிட்டு வந்து, மண்ணைச் சோதிக்க வேண்டும் என்று குதித்தார். வாங்கிய மனையின் வடமேற்கில், வாயு மூலையில் மேஸ்திரி ஒரு குழி தோண்டினார். குடங்குடமாகத் தண்ணீர் ஊற்றினார்கள். அப்பா கடிகாரத்தை எடுப்பதற்குள் குழி காய்ந்துவிட்டது. வெறும் மணல்!

"இன்னாமா குடிக்குது பாருங்க நைனா! ஆயுசுக்கும் ரொம்பாது" என்றார் மேஸ்திரி.

அப்பாவுக்கு வாயெல்லாம் பல். குடித்த மண் அதை எங்கே கொண்டுபோய் விடும் என்று ஒரு பிரகஸ்பதியும் கேட்கவில்லை. எங்கள் கிணறு வடகிழக்கில், ஈசானிய மூலையில். இரண்டுக்கும் நடுவே மனையின் முழு அகலம். அதை மட்டும் அளந்து பார்த்துவிட்டு அப்பா நிம்மதியாகத் தூங்கினார்.

கிணறு அம்மா கேட்டபடியே அமைந்தது. வருகிறவர் போகிறவருக்கெல்லாம் ஒரு சொம்பு கொடுத்து, குடிக்கிற முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்பாள். முதல் மழைக்காலம் முடிந்ததும் மேற்கு வீட்டு அம்மாள் குடத்தோடு வந்தார். பள்ளிக்கூடத்து வாத்தியார் வீடு, கிறிஸ்தவர்கள். எங்களுக்கு முன்பே அங்கே குடியிருந்தவர்கள்.

"எங்க கிணத்துல வாடை அடிக்குதுங்க. ரெண்டு கொடம் எடுத்துக்கலாமா?"

"இதென்ன கேள்வி! தெனம் வாங்க" என்றாள் அம்மா. அவர் போனதும் எங்களிடம், "கிணத்தைத் தூர் வாரினாத்தானே? அதுக்கெல்லாம் கைராசி வேணும்" என்று ஒரு பெருமை.

மறுவருஷம் கிழக்கு மனையில் ஒருவர் வீடு கட்டினார். அதே மேஸ்திரி. அடுத்த மழையில், ஒரு காலை நான் வாய் கொப்பளித்த தண்ணீர் நாறியது. தூ! சொல்லவும் கூசுகிறது, அதே சந்து வாடை. வாளியில் நுரை மிதந்தது. அம்மா முகர்ந்து பார்த்துவிட்டு அங்கேயே வாந்தியெடுத்தாள். எத்தனை நாளாக அதில் சமைத்தோமோ!

அப்பா கிழக்கு வீட்டு வாசலில் நின்று கத்தினார். "எங்க கிணத்தை ஒட்டியாய்யா கக்கூஸ் கட்டுவே? மனுஷனா நீ?"

அந்த மனிதர் கோபப்படவில்லை. "வாயு மூலையிலதான் சார் கட்டினேன். எங்க கிணத்துக்கும் அதுக்கும் மனை அகலம் விட்டாச்சு. உங்களுது எங்க இருக்கு?"

அப்பா திரும்பி வந்தார். நேரே எங்கள் கக்கூஸுக்குப் பின்னால் போய், மேற்குச் சுவரை எட்டிப் பார்த்தார். நானும் பார்த்தேன். சுவருக்கு அந்தப் பக்கம், கை நீட்டினால் தொடும் தூரத்தில், வாத்தியார் வீட்டுக் கிணற்று ராட்டினம். அவர்களுடையதும் ஈசானிய மூலைதான். ஒரே வரிசை வீடுகள். எல்லோரும் ஒரே மாதிரி சாஸ்திரம் பார்த்து, அவனவன் மலத்தை அடுத்தவன் கிணற்றோரம் வைத்திருந்தோம்.

மறுநாளும் அந்த அம்மாள் குடத்தோடு வந்தார். அம்மா தலையைக் குனிந்துகொண்டு, "எங்க கிணறும் கெட்டுப் போச்சுங்க" என்றாள்.

அவர் குடத்தை இடுப்பிலிருந்து இறக்கவில்லை. கிணற்றை ஒரு பார்வை, கிழக்கு வீட்டை ஒரு பார்வை பார்த்தார்.

"ஒரு வருஷமா எங்களுக்கு உங்களுது" என்றார். "இப்போ உங்களுக்கு அவங்களுதா?"

தெரிந்தேதான் தினமும் வந்து, சிரித்துக்கொண்டே தண்ணீர் கேட்டிருக்கிறார். அம்மா அப்புறம் யாருக்கும் ஒரு சொம்புத் தண்ணீர் நீட்டியதில்லை.