பஸ்ஸில் வந்த செருப்பு

நான் நடக்கக் கிளம்பியதே ஒரு சண்டையால்தான். மனைவி செத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. தீவில், வண்டூர் வீட்டில் நான் ஒருவன். சென்னையில் இருக்கும் மகள் தினமும் போன் போட்டு ஒரே பாட்டைப் பாடிக்கொண்டிருந்தாள். "மெயின்லேண்டுக்கு வந்துடுங்கப்பா. உங்களால தனியா இருக்க முடியாது."

ஒரு நாள் கத்திவிட்டேன். "டிக்லிபூர்ல இருந்து ரங்கத் வரைக்கும் நடந்து காட்டுறேன். ஒருத்தன் உதவியும் இல்லாம. நடந்துட்டேன்னா இந்தப் பேச்சை விட்டுடணும்."

அவளுக்கும் என் ரத்தம்தானே. "முடியலன்னா வீட்டை வித்துட்டு வந்துடணும். சம்மதமா?"

சம்மதம் என்றேன். பாழாய்ப்போன வாய்.

வடக்குக் கோடியில் இருக்கும் டிக்லிபூர் வரை கப்பலில் போய் இறங்கி நடக்க ஆரம்பித்தேன். பிப்ரவரி மாதம், மழை கிடையாது. ஒரு பக்கம் காடு, ஒரு பக்கம் வயல், நடுவில் தூசு. அந்த ரோட்டில் யாரும் நடப்பதில்லை. நடக்கிறவன் பஸ்ஸை விட்டவனாக இருக்க வேண்டும், இல்லை மூளை பிசகியவனாக இருக்க வேண்டும். அதனால் போகிற வண்டியெல்லாம் நின்றது. லாரி நின்றது, ஜீப் நின்றது, பைக்கில் கோழி கொண்டுபோனவன்கூட நின்றான். ஒவ்வொருத்தனிடமும் "நஹி, நஹி" என்று கை ஆட்டி ஆட்டியே அலுத்துப்போனேன்.

மதியம் ரங்கத் போகும் பஸ் வந்து பக்கத்தில் உரசுகிற மாதிரி நின்றது. ஓட்டுநர் நாற்பது வயது ஆள். என் முகத்தைப் பார்த்ததுமே தமிழில் ஆரம்பித்தான்.

"பெரியவரே, ஏறுங்க. வெயில் மண்டையைப் பொளக்குது."

"நான் கூப்பிட்டேனா உன்னை?"

"அட, சும்மா ஏறுங்க. சீட் காலியாத்தான் கெடக்கு."

"பிச்சைக்காரன்னு நெனச்சியா? போய்யா, உன் வண்டியை எடுத்துக்கிட்டு!"

பஸ்ஸே சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. என் காலைப் பார்த்தான், கியரைப் போட்டான், போய்விட்டான்.

அந்த 'நஹி'யை விட்டால் அன்று முழுக்க நான் பேசியது அவ்வளவுதான். வீட்டிலும் அப்படித்தான். சோற்றுக்கு உப்பு போதுமா என்று கேட்கக்கூட ஆள் இல்லாத வீடு. ரோட்டில் கொஞ்சம் மாறும் என்று நினைத்தேனோ என்னவோ. மாறவில்லை. வாய்விட்டு மனைவியைத் திட்டிக்கொண்டே நடந்தேன். முன்னால் போய்விட்டாளே என்று.

இரண்டாம் நாள் ஆஸ்டின் பாலம் தாண்டினேன். மூன்றாம் நாள் மாயாபந்தர் பிரிவு தாண்டியதும் வலது ஷூவின் அடி பிய்ந்து வாயைப் பிளந்தது. நைலான் கயிற்றால் கட்டிக்கொண்டு நடந்தேன். அந்த பஸ் தினமும் என்னைக் கடந்து போகும். நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன்.

மறுநாள் பில்லிகிரவுண்டு ஊருக்கு முன்னால் ஒரு டீக்கடை. வங்காளி அம்மாள் ஒருத்தி நடத்துகிறாள். நான் உட்காருவதற்கு முன்பே சோறும் மீனும் வந்தது. கேட்கவே இல்லை. சாப்பிட்டு முடித்ததும் பழைய செய்தித்தாளில் சுற்றிய ஒரு பொட்டலத்தை முன்னால் வைத்தாள். பிரித்தால் தோல் செருப்பு. போட்டுப் பார்த்தேன், அளவெடுத்துத் தைத்த மாதிரி.

யார் கொடுத்தது என்று இந்தியில் கேட்டேன். "பஸ்ஸில் வந்தது, அண்ணா" என்றாள். அதற்கு மேல் விளக்கம் இல்லை.

இந்த ரோட்டில் அதுதான் வழக்கம். மருந்து, வெற்றிலை, கோழிக்குஞ்சு, பள்ளிக்கூடத்துப் புத்தகம் எல்லாம் பஸ்ஸில்தான் போகும். பொட்டலத்தில் பேர்கூட எழுதமாட்டார்கள். எந்தக் கடை வாசலில் எதை இறக்க வேண்டும் என்று ஓட்டுநருக்குத் தெரியும். நானும் ஒரு பொட்டலம் ஆகிவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது. முதல் நாள் இரவு படுக்கத் திண்டாடியபோது கடைக்காரன் தானாகக் கொட்டகையைத் திறந்துவிட்டான். மறுநாள் ஒருத்தன் ரோட்டோரம் தண்ணீர் பாட்டிலோடு காத்திருந்தான். எனக்கு முன்னால் பஸ் போய்ச் சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறது.

ஆத்திரம் வந்தது. என் பந்தயத்தைக் கெடுக்க இவன் யார்? செருப்பை மேஜையிலேயே போட்டுவிட்டுக் கயிற்றுக் கட்டோடு நடந்தேன். ஒரு மணி நேரம் தாங்கியிருக்கும். குதிகால் கிழிந்து ரத்தம் ஷூவுக்குள் வழுக்கியது. ரோட்டில் உட்கார்ந்தேன். ஒரு வண்டியும் வரவில்லை. வந்திருந்தாலும் ஏறியிருக்கமாட்டேன். பிறகு எழுந்து நொண்டிக்கொண்டே திரும்பிப் போனேன்.

செருப்பு வைத்த இடத்திலேயே இருந்தது. பக்கத்தில் அந்த அம்மாள் மஞ்சள் குழைத்து வைத்திருந்தாள்.

மாட்டியபோதுதான் கவனித்தேன், புதுச் செருப்பு இல்லை. கட்டைவிரல் பதிகிற இடத்தில் ஏற்கெனவே ஒரு பள்ளம் இருந்தது.

ஆறாம் நாள் ரங்கத் பஸ் ஸ்டாண்டுக்கு வந்து சேர்ந்தேன். அவன் டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"வந்துட்டீங்களா? பொழுது சாஞ்சுதான் வருவீங்கன்னு பெட் கட்டியிருந்தோம்."

"செருப்பு யாருது?"

"என்னுதுதான். உங்க காலும் என் காலும் ஒரே மாதிரி பரந்து கெடந்துச்சு. சேரும்னு நெனச்சேன்."

"நான் உன்னைத் திட்டினேனே."

"ரோட்டுல தெனம் நாலு பேரு திட்டுறான். அதுக்கெல்லாம் பாத்தா வண்டி ஓட்ட முடியுமா?" கிளாஸை வைத்துவிட்டு வண்டி ஏறினான். டிக்லிபூர் ட்ரிப்புக்கு நேரமாகிவிட்டது.

மகளுக்குப் போன் போட்டேன்.

"முடிச்சிட்டீங்களாப்பா? தனியாவா?"

ஆமாம் என்று சொன்னால் தீர்ந்தது. அவளுக்குத் தெரியப் போவதில்லை. ஆனால் காலில் கிடப்பது அவன் செருப்பு. எல்லாவற்றையும் சொன்னேன். "தோத்துட்டேன்" என்றும் சொன்னேன்.

அவள் வீட்டைப் பற்றிப் பேசவே இல்லை. "அந்த டிரைவர் பேரு என்னப்பா?" என்றாள்.

"கேக்கல."

"ஆறு நாள் உங்களைப் பாத்துக்கிட்டாரு. பேர்கூடக் கேக்கலையா?"

திரும்பிப் பார்த்தேன். பஸ் நின்ற இடத்தில் டீசல் ஒழுகல்தான் கிடந்தது.

சொன்ன சொல்லை மாற்றும் பழக்கம் எனக்கு இல்லை. வீட்டைப் பார்க்க ஆட்கள் வந்துபோகிறார்கள். சுவரைத் தட்டிப் பார்க்கிறார்கள், கிணற்றை எட்டிப் பார்க்கிறார்கள். செருப்பு வாசலில் கிடக்கிறது. விற்று முடிப்பதற்குள் ஒருமுறை டிக்லிபூர் போய் அவன் பேரைக் கேட்டுக்கொண்டு வர வேண்டும். இந்தத் தடவை ஏறி உட்கார்ந்துதான்.