அவருக்கு மட்டும் வரும் நிர்ப்பந்தம்

என் கணவர் இறந்த மூன்றாம் நாளே அவருடைய அண்ணன் எங்கள் வீட்டுக்கு மார்க்கத் தீர்ப்பு சொல்லும் முஃப்தி ஆகிவிட்டார். அதுவரை களம்பூரில் அரிசி லாரி விட்டுக்கொண்டிருந்த மனிதர். அவருடைய மார்க்க அறிவெல்லாம் போனில் வரும் ஆடியோதான். அதையும் பாதி கேட்பார், மீதியைத் தானே சேர்த்துக்கொள்வார்.

விதவை நான்கு மாதம் பத்து நாள் வீட்டோடு துக்கம் காத்து இத்தா இருக்க வேண்டும். அதில் எனக்கு மறுப்பில்லை. அழுவதற்கு ஓர் இடம் வேண்டும் என்றுதான் நானும் நினைத்தேன். ஆனால் அவர் கண்ணாடிமேல் பெட்ஷீட் போர்த்தச் சொன்னார், ஜன்னலைச் சாத்தச் சொன்னார், வானம்கூட என் கண்ணில் படக்கூடாதாம். எந்தக் கிதாபில் இருக்கிறது என்று கேட்டேன். பெரியவர்கள் செய்துவந்தது என்றார்.

கண்ணமங்கலத்தில் ஒரு கிறிஸ்தவப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன். நிரந்தர வேலை இல்லை. தலைமையாசிரியை துக்கம் கேட்க வந்தவர், உங்கள் சட்டப்படியே இருங்கள், ஆனால் மாதக் கடைசிக்குமேல் உங்கள் இடத்தை நிர்வாகம் வைத்திருக்காது என்று தயங்கித் தயங்கிச் சொல்லிவிட்டுப் போனார். அந்தச் சம்பளமும் போனால் நானும் மகளும் கணவரின் அண்ணன் கையைப் பார்த்துத்தான் சாப்பிட வேண்டும்.

கணவரின் அலமாரியில் இருந்த ஃபிக்ஹ் என்கிற மார்க்கச் சட்ட நூலை எடுத்து இவர் முன்னால் வைத்தேன். பிழைப்புக்காக விதவை பகலில் வெளியே போகலாம், இரவு வீட்டில் தங்க வேண்டும் என்று அதில் தெளிவாக இருந்தது. புத்தகத்தைத் தொடக்கூட இல்லை. நிர்ப்பந்தம் இருந்தால்தான் அந்தச் சலுகை, உனக்கென்ன நிர்ப்பந்தம், நான் சோறு போட மாட்டேனா என்றார். மார்க்கம் விலக்கிய வட்டிக்குக் கடன் எடுத்து லாரி வாங்கியபோது இவர் சொன்னதும் இதே நிர்ப்பந்தம்தான். அது இவருக்கு மட்டும் வரும், சர்க்கரை வியாதி மாதிரி.

சண்டை போடத் தெம்பில்லாமல் உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டுத் தறிச் சத்தம் நாள் முழுக்கக் கேட்கும். என் கணவரை நினைத்து அழ வேண்டிய நேரத்தையெல்லாம் இந்த ஆளை நினைத்து எரிவதிலேயே கழித்தேன். அதற்காக இவரை நான் மன்னிக்கப் போவதில்லை.

மாதக் கடைசியில் ஒரு காலை, வாசலில் ஆட்டோவை நிறுத்திவிட்டு இவர் உள்ளே வந்தார்.

"ஜல்தியா கெளம்புமா. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல ஆளுங்க காத்துகினு இருக்காங்க."

மாமனார் விட்டுப்போன வீட்டில் என் கணவர் வழியாக எனக்கு வரும் பங்கை, வேண்டாம் என்று நான் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டுமாம். மனைவிக்கு என்ன பங்கு என்பதும் அதே நூலில்தான் இருக்கிறது. அது பற்றி மட்டும் இவருக்கு இதுவரை ஆடியோ எதுவும் வரவில்லை.

"இத்தாவுல இருக்கேங்க" என்றேன்.

"கவர்மென்ட் ஆபீஸும்மா, நேர்ல வரணும்ன்றான். இது நிர்ப்பந்தம். பகல்ல போய்ட்டு வந்துடலாம், தப்பில்ல."

உள்ளே போய்க் கண்ணாடிமேல் இருந்த பெட்ஷீட்டை உருவிப் போட்டேன். புர்காவை மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பையை எடுத்துக்கொண்டு வந்து ஆட்டோவில் ஏறினேன். இவரும் ஏற வந்தார். பையை இவர் உட்கார வேண்டிய இடத்தில் வைத்தேன்.

"எனக்கு ஸ்கூல் இருக்குங்க. நீங்க சொன்ன அதே நிர்ப்பந்தம்தான்."

பஸ் ஸ்டாண்டுக்கு விடச் சொன்னேன். வாடகையை இவர் முன்பே கொடுத்திருந்தார்.