சுடுகிற அருவி

ஆறாம் வகுப்பில் எங்கள் டிராயிங் மிஸ் அருவி வரையச் சொல்லிக்கொடுத்தார். தண்ணீரை வரையவே கூடாதாம். இரண்டு பக்கமும் பாறையைப் பென்சிலால் அழுத்தித் தீட்டிவிட்டு நடுவில் தாளை வெறுமனே விட்டால், அதுவே தண்ணீராகிவிடுமாம். எனக்கு வந்ததென்னவோ ஒரு சாலையும் அதன் இருபுறமும் உருளைக்கிழங்கு மூட்டைகளும். வீட்டில் வரைந்து வாருங்கள், நன்றாக இருப்பதை ஆண்டு விழாவுக்கு ஹாலில் மாட்டுகிறேன் என்றார் மிஸ். எதற்கும் என் பெயரைக் கூப்பிடாத பள்ளி அது. ஹாலில் என் படம் தொங்கியே ஆகவேண்டும் என்று எனக்கு வெறி பிடித்துவிட்டது.

திருவொற்றியூரில் பிறந்தவளுக்குக் கடல் தெரியும், லாரித் தண்ணீர் தெரியும். அருவிக்கு எங்கே போவது? அம்மா தன் தம்பியைக் கேட்கச் சொன்னாள். மாமா கண்டெய்னர் லாரி ஓட்டினார். ஆகவே எங்கள் வீட்டில் ஊர் உலகம் பார்த்தவர் அவர்தான். அந்த லாரி துறைமுகத்துக்கும் மாதவரத்துக்கும் நடுவே மட்டுமே போய்வந்தது என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை.

"அருவி தானே? இதுக்குப் போயா பேஜார் பண்ணிக்கினு கீற? வா, காட்றேன்" என்று மார்கழிக் காலையில் பைக்கில் எண்ணூர்ப் பக்கம் கூட்டிப்போனார். அனல்மின் நிலையத்துக்குப் பின்னால், அங்கிருந்து வெளியேறும் கால்வாய்த் தண்ணீர் சிமெண்ட் படியிலிருந்து நுரைத்துக்கொண்டு ஆற்றில் விழுந்தது. அடியில் வெள்ளையாக ஆவி எழுந்தது. கை வைத்தால் குளிக்கக் காய்ச்சிய வெந்நீர் மாதிரி இருந்தது.

"சுடுது மாமா."

மாமா அசரவில்லை. "மேலர்ந்து வுழுது இல்ல? சுடத்தான் செய்யும். மலைல கீறது இத்தவிட பெர்சு, அவ்ளோதான்."

எனக்கு அது ரொம்ப நியாயமாகப் பட்டது. அங்கேயே உட்கார்ந்து வரைந்தேன். நனைந்து கறுத்த சிமெண்ட்டைத் தீட்டத் தீட்ட, நடுவில் விட்ட வெள்ளைத்தாள் தானாகவே கீழே விழத் தொடங்கியது. மிஸ் சொன்னது அப்போதுதான் புரிந்தது. பென்சில் தூளை விரலால் தேய்த்து ஆவியும் செய்தேன். சந்தோஷம் தாங்கவில்லை.

மறுநாள் மிஸ் என் படத்தை வகுப்புக்கே உயர்த்திக் காட்டினார். "இந்தச் சாரலைப் பாருங்க, எவ்ளோ அழகா வந்திருக்கு." அத்தோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நான் எழுந்து, அது சாரல் இல்லை மிஸ், ஆவி, அருவித் தண்ணீர் சுடும் இல்லையா என்று விளக்கினேன். எங்கே பார்த்தேன் என்பதையும் சொன்னேன். வகுப்பு சிரித்து ஓய வெகுநேரம் ஆனது. மிஸ்ஸும் சிரித்துக்கொண்டே படத்தைத் திருப்பிக் கொடுத்தார். ஹாலில் வேறொருத்தியின் அருவி தொங்கியது.

அன்று சாயங்காலம் வாசலில் டீ குடித்துக்கொண்டிருந்த மாமாவிடம் அழுதுகொண்டே சண்டைக்குப் போனேன். அருவி சுடவே சுடாதாம், எல்லாரும் சிரித்தார்கள், நீ பொய் சொல்லிவிட்டாய் என்றேன்.

மாமா டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, "அப்போ ஜில்லுனா கீது அது?" என்றார்.

அவரும் கேலி செய்கிறார் என்று நினைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போய்விட்டேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டார் என்பது அன்று எனக்குத் தெரியவில்லை.