மண்ணைத் தின்னாத மரம்

பழுத்த பலாவின் வாசனையும் காய்கிற மிளகின் நெடியும் ஒன்றாக மூக்கில் ஏறுவதுதான் மாத்தளையில் என் சின்ன வயது. இரண்டாம் உலக யுத்தத்துக்கு முந்திய அந்த வருஷங்களில் அப்பா மிளகும் கொக்கோவும் வாங்கி விற்றார், சரக்கு அடுக்கும் ‘கிட்டங்கி’ வீட்டோடு ஒட்டியிருந்தது, அதன் பின்சுவரை உரசிக்கொண்டு எங்கள் பலாமரம் நின்றது.

ஒரு மழைக்காலம் முடிந்தபோது அந்தச் சுவரின் அத்திவாரக் கல் வெளியே தெரிந்தது. பக்கத்தில் மரத்தின் வேர்களும் மண்ணை விட்டு எழும்பி நின்றன. மரம் மண்ணைத் தின்றுதான் இப்படிக் கொழுத்திருக்கிறது, இன்னும் விட்டால் கிட்டங்கியையே சாய்த்துவிடும், வெட்டியே ஆக வேண்டும் என்று சித்தப்பா ஒற்றைக்காலில் நின்றார். அம்மாவின் முகம் செத்துப்போயிற்று. பிஞ்சில் ‘பொலோஸ்’ கறியும் பழுத்தால் சுளையுமாக வருஷத்தில் பாதி நாள் எங்கள் சட்டியை நிரப்பிய மரம் அது. எனக்கோ பொறுக்கவில்லை. மரம் மண்ணைத் தின்பதில்லை, தண்ணீரிலும் காற்றிலும் இருந்துதான் உடம்பைத் தேடிக்கொள்கிறது என்று பள்ளிக்கூடத்தில் டீச்சர் சொன்னதை அப்படியே கொட்டிவிட்டேன்.

சித்தப்பா விழுந்து விழுந்து சிரித்தார்.

“காத்தக் குடிச்சு மரம் வளருதாம். அண்ணி, நாளையிலருந்து இவளுக்குச் சோறு போடாதீங்க.”

அப்பா சிரிக்கவில்லை. எதையும் தராசில் ஏற்றாமல் நம்பாத மனிதர் அவர்.

“வாய்ப்பேச்சு எதுக்கு? நிறுத்துப் பாத்துருவோம். அதுவரைக்கும் மரத்துல யாரும் கை வைக்கக்கூடாது” என்று முடித்துவிட்டார்.

காய்ந்த மண்ணை நிறுத்து ஒரு பீப்பாயில் கொட்டி, ஒரு முருங்கைக் கம்பையும் நிறுத்து அதில் நட்டோம். மண்ணுக்கு ஏற்றிய படிக்கற்களைச் சித்தப்பாவே தனியாகக் கட்டிப் பூட்டி வைத்தார். நான் களவாக மண் போட்டுவிடுவேனாம், பீப்பாயின் வாயையும் சாக்கால் மூடித் தைத்துவிட்டார். தண்ணீர் ஊற்ற மட்டும் எனக்கு உரிமை. அடுத்த வருஷ மிளகு வரும்வரை நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். மண் குறைந்திருந்தால் மரமும் போகும், மானமும் போகும். முருங்கை தளதளவென்று உயர உயரச் சந்தோஷமும் வந்தது, இவ்வளவுக்கும் மண்ணைத்தான் தின்றிருக்குமோ என்ற பயமும் வந்தது.

கடைசியில் முருங்கையைப் பிடுங்கி, வேரை உதறி நிறுத்தபோது, நட்ட கம்பைப்போலப் பல மடங்கு கனத்தது. பீப்பாய் மண்ணை மிளகுக்குப் பக்கத்திலேயே ‘படங்கு’ என்ற சாக்கு விரிப்பில் பரப்பிக் காயவைத்து, எதிர்த்தட்டில் அந்தப் பழைய கற்களை வைத்து ஏற்றினோம். முள் ஆடி ஆடி, கல் பக்கம் துளி சாய்ந்து நின்றது. சித்தப்பா வாசல் மண்ணில் ஒரு பிடி அள்ளி மண் தட்டில் போட்டார்; சரியாகிவிட்டது. ஒரே ஒரு பிடி! அன்று நான் குதித்த குதியில் கிட்டங்கிப் பலகையெல்லாம் அதிர்ந்தது.

“அப்ப செவத்தடி மண்ண எவன்தான் தின்னான்?” என்று முணுமுணுத்த சித்தப்பா, அடுத்த மழைக்குத் தாமே குடையோடு பின்பக்கம் போய் நின்றார். தொப்பலாக நனைந்து திரும்பி வந்தார்.

“அண்ணே, கூரைத் தண்ணி ஓடுற பீலி ஒடஞ்சு கெடக்கு. அதுதான் ஊத்தி ஊத்தி மண்ண வாரிட்டுப் போகுது. மரம் வேரால இறுக்கிப் புடிச்சிருக்கு. இல்லாட்டி செவரு எப்பவோ விழுந்திருக்கும்.”

பிறகு என் பக்கம் திரும்பி, “நீ ஜெயிச்சிட்ட, பாப்பா” என்றார். அந்தச் சொல்லுக்காக இன்னும் ஒரு வருஷம் தண்ணீர் ஊற்றியிருப்பேன்.

யுத்தம் வந்து அரிசிக்குக் கூப்பன் கொடுத்த நாட்களில் அந்தப் பலாதான் எங்கள் தெருவுக்கே பசியாற்றியது. ஏறிக் காய் இறக்கிக் கொடுத்தவர் சித்தப்பா. இன்று அவரும் இல்லை, அப்பாவின் தராசும் இல்லை. எந்தச் சுவருக்காக மரத்தை வெட்டச் சொன்னார்களோ, அந்தச் சுவரைக் கிட்டங்கியோடு இடித்துவிட்டு யாரோ கடை கட்டியிருக்கிறார்கள். பலா நிற்கிறது. போன கிழமை அதில் இறக்கிய காய் ஒன்று வீட்டுக்கு வந்தது, நானே சமைத்தேன்.