நாற்பது நிமிடம் என்று எழுதினேன்

அறுபதுகளின் நடுவில், துறைமுகத்தை ஒட்டிய ஒரு கப்பல் பழுதுபார்க்கும் பட்டறையில் நான் ஸ்டோர் கிளார்க். போல்ட், கேஸ்கெட், பித்தளைச் சாமான் எல்லாம் கம்பி வலைக்குப் பின்னால் பூட்டியிருக்கும். இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டும் பிட்டர் தனக்கு வேண்டிய சாமானுக்குச் சீட்டு எழுதிக் கொடுப்பார். இரண்டு கூலியாட்கள் அந்தச் சீட்டோடு மேற்பார்வையாளரான போர்மன் இருக்குமிடம் தேடிப் போய்க் கையெழுத்து வாங்கி என் ஜன்னலுக்குக் கொண்டுவருவார்கள். கையெழுத்து இல்லையென்றால் ஒரு வாஷர்கூட நான் தரமாட்டேன். பித்தளைக்கு வெளியே நல்ல கிராக்கி. அதனால் பிட்டர்கள் எல்லோர் மீதும் எனக்குச் சந்தேகம். வேண்டுமென்றே காக்க வைக்கிறான் என்று அவர்களுக்கு என் மீது சந்தேகம்.

ஒரு திங்கட்கிழமை, இங்கிலாந்திலிருந்து புதிதாக வந்திருந்த எஞ்சினியர் கழுத்தில் ஸ்டாப்வாட்சைத் தொங்கவிட்டுக்கொண்டு எங்களைக் கூப்பிட்டு நிறுத்தினார். ஒரு கப்பல் பம்பைக் கழற்றிச் சரிசெய்து பூட்ட ஏன் ஒன்பது நாள் ஆகிறது? அந்த வார முடிவுக்குள் காரணம் தெரிய வேண்டும், அதைக் கண்டுபிடிக்கப் போவதும் வேலை செய்கிறவர்கள்தான் என்றார். ஆறு பேரைப் பொறுக்கினார். ஆங்கிலமும் மலாயும் தெரியும் என்பதால் நேரக்கணக்கை எழுதும் வேலை எனக்கு வந்தது.

குழுவில் இருந்த வெல்டர் யூனியன்காரர். தமிழர்கள் அதிகம் குடியிருந்த தேக்காவில், எங்கள் சந்துக்கு அடுத்த சந்தில் அவர் வீடு. அன்று சாயங்காலம் பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"அண்ணே, எதுக்கு இந்த வாட்ச்சு தெரியுமா? ஆளைக் கழிக்கத்தான். பெரிய நம்பர் யார் பேருக்கு நேரா விழுதோ, அவன் தலைதான் முதல்ல உருளும். பாத்து எழுதுங்க."

அது மனதில் அப்படியே ஒட்டிக்கொண்டது.

செவ்வாய்க்கிழமை ஒரு பம்பு வந்து இறங்கியது. அதன் கூடவே நடக்க வேண்டும், ஆட்களைப் பார்க்காதீர்கள், பம்பைப் பாருங்கள் என்றார் எஞ்சினியர். கிரேன், கழுவும் தொட்டி, வேலை மேசை என்று அது நகர நகர நான் குறித்துக்கொண்டே போனேன். சுவரில் ஒட்டியிருந்த பெரிய தாளில் கட்டம் கட்டமாக ஏற்றினோம். கை படும் நேரத்தைவிட பம்பு சும்மா கிடக்கும் நேரம்தான் அதிகம் என்று முதல் நாளே தெரிந்துவிட்டது.

மறுநாள் எஞ்சினியர் மற்றவர்களோடு கப்பலுக்குப் போயிருந்தார். வேலை மேசையருகே நின்ற சீனப் பிட்டர் ஒரு ரப்பர் கேஸ்கெட்டுக்குச் சீட்டு அனுப்பினார். போர்மனும் கப்பலில்தான் இருந்தார். கூலியாள் இங்கும் அங்கும் அலைந்து கையெழுத்தோடு திரும்பியபோது எனக்குச் சாப்பாட்டு நேரம். ஜன்னலைச் சாத்திவிட்டுப் போனேன். பத்து மணிக்குக் கேட்ட கேஸ்கெட்டை ஒரு மணிக்குத்தான் கொடுத்தேன். மூன்று மணி நேரம்.

தாளில் நாற்பது நிமிடம் என்று எழுதினேன். அதை இப்போது நினைத்தால்தான் கூச்சமாக இருக்கிறது.

வியாழக்கிழமை வேலை முடிந்து கை கழுவுமிடத்தில் அந்தப் பிட்டர் என் பக்கத்தில் வந்து நின்றார். அவருக்கு ஆங்கிலம் படிக்கத் தெரியாது. ஆனால் எண் தெரியும்; சுவர்த் தாளைப் பார்த்திருந்தார். என்னைத் தன் மேசைக்கு அழைத்துப்போய், ஓரத்தில் சாக்பீஸால் போட்டிருந்த கோடுகளைக் காட்டினார். கால் மணிக்கு ஒரு கோடு. பன்னிரண்டு கோடுகள்.

"திப்பு லா," என்றார் மலாயில். ஏமாற்று வேலை என்று அர்த்தம். "நான் சும்மா நின்றேன் என்று துரை நினைப்பார். அந்த நேரமெல்லாம் யார் தலையில் விழும்? என் தலையில்."

அதை நான் யோசிக்கவே இல்லை. என் ஜன்னலிலிருந்து நான் எடுத்த நேரம் அவர் மேசைக்குப் போய்ச் சேரும் என்பது எனக்கு உறைக்கவில்லை. அவர் துரையிடம் போகாமல் என்னிடம் ஏன் வந்தார் என்றும் சந்தேகமாக இருந்தது. ஏதோ கேட்கப்போகிறார் என்று காத்திருந்தேன். அவர் ஒன்றும் கேட்காமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை எல்லோர் முன்னாலும் தாளில் அந்த எண்ணை அடித்து, மூன்று மணி என்று திருத்தினேன். "நான்தான் தப்பாக எழுதினேன்," என்றேன். வெல்டர் தலையைக் குனிந்துகொண்டார். எஞ்சினியர் திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை. ஏன் மூன்று மணி நேரம் என்று மட்டும் கேட்டார். பித்தளை காணாமல் போவதைச் சொன்னேன்.

"கேஸ்கெட் பித்தளையா?" என்று பிட்டர் மலாயில் கேட்டார். "எங்களைத் திருடன் என்று நினைக்கிறாய். அதைச் சொல்லு."

அதை அப்படியே ஆங்கிலத்தில் மாற்றிச் சொல்ல வேண்டியவனும் நான்தான். சொன்னேன்.

பித்தளை மட்டும் பூட்டில் இருக்கட்டும், மற்ற சில்லறைச் சாமானை மேசைக்குப் பக்கத்தில் திறந்த அலமாரியில் வைக்கலாம் என்று முடிவாயிற்று. வெல்டர் எழுந்தார். "இதனால யாருக்கும் வேலை போகாதுன்னு எழுதித் தருவாரா, கேளுங்கண்ணே." கேட்டேன். வேலை போகாது, எழுதித் தர மேலிடத்தில் கேட்கிறேன் என்றார் எஞ்சினியர். அந்தக் கடிதம் வரவே இல்லை.

பம்பு வேலை ஐந்து நாளுக்கு இறங்கியது. நான் தினமும் வீட்டுக்குக் கிளம்புமுன் அந்த அலமாரியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்ப்பேன். இரண்டாம் வாரம் ஒரு பெட்டி போல்ட் காணவில்லை. உடனே அந்தப் பிட்டர் முகம்தான் எனக்கு ஞாபகம் வந்தது. மறுநாள் காலை அது இரண்டு மேசை தள்ளிக் கிடந்தது. நல்லவேளை, நான் வாயைத் திறக்கவில்லை.

சீட்டு நடை குறைந்ததும் அந்த இரண்டு கூலியாட்களையும் மரக்கிடங்குக்கு மாற்றினார்கள். "பாத்தீங்களாண்ணே?" என்றார் வெல்டர். வேலை போகவில்லையே என்றேன். "இப்போ போகலே," என்றார். ஒரு வருஷத்துக்குள் மரக்கிடங்கை மூடி, அங்கிருந்தவர்களை நிறுத்திவிட்டார்கள். வேலை குறைந்துவிட்டது என்று காரணம் சொன்னார்கள். எங்கள் அலமாரிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று எஞ்சினியர் எனக்கு இரண்டு முறை விளக்கினார். இரண்டாவது முறை ஏன் விளக்கினார் என்பது எனக்குப் பிடிபடவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அந்தக் கூலியாட்களில் ஒருவரைத் தேக்கா மார்க்கெட்டில் பார்த்தேன். மீன் கூடை இறக்கிக்கொண்டிருந்தார்.

"எப்படி இருக்கீங்க?"

"நல்லா இருக்கேன் சார். இங்க சீட்டெல்லாம் கிடையாது."

சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். அவர் அதை என்ன நினைத்துச் சொன்னார் என்று வீடு வரை யோசித்துக்கொண்டே நடந்தேன்.