வந்துட்டீகளா?

வாரம் இருமுறை கோவிலூரிலிருந்து காரைக்குடிக்கு டயாலிசிஸுக்குப் போகிறேன். அங்கே முதல் இரண்டு வருஷம் எனக்கு ஊசி போட்டவர் ஒரு கிறிஸ்தவ நர்ஸ். குள்ளமானவர், பெரிய கண்ணாடி. கோட்டுப் பையில் பேனாவோடு ஜெபமாலையும் கிடக்கும்.

ஊசியைக் கையில் எடுத்ததும், "ஆண்டவரே, வந்துட்டீகளா?" என்று பக்கத்தில் நிற்பவரிடம் கேட்பதுபோல் கேட்பார். ஒரு நொடி காத்திருப்பார். பிறகுதான் குத்துவார். தடிமனான ஊசி, இடம் தவறினால் கை வீங்கிப்போகும். அவரிடம் ஒருமுறைகூடத் தவறியதில்லை. எனக்குக் கடவுளோடு அவ்வளவு பழக்கம் கிடையாது. எல்லாம் அந்த நர்ஸின் கைத்திறன் என்றே நினைத்திருந்தேன்.

ஒருநாள் வழக்கம்போல் கேட்டார், காத்திருந்தார். ஆனால் குத்தவில்லை. ஊசியைத் தட்டில் வைத்துவிட்டார்.

"என்ன சிஸ்டர், இன்னைக்கு அவரு லீவா?" என்று கிண்டலாகக் கேட்டேன்.

"வந்துட்டாரு சார். ஒனக்குக் கண்ணு சொருகுது, நீ குத்தாதேங்கிறாரு. நேத்துலருந்து ரெண்டு ஷிப்டு பாக்குறேன்ல," என்றவர், தன்னைவிட இளைய நர்ஸைக் கூப்பிட்டார். "இங்குட்டு வாம்மா, சாருக்கு நீ போடு."

அதைச் சொல்லும்போது அவர் முகத்தில் துளிக் கூச்சமும் இல்லை. முப்பது வருஷம் வாத்தியாராக இருந்தவன் நான். இன்று என்னால் முடியாது என்று ஒருநாளும் சொன்னதில்லை. சொல்லியிருக்க வேண்டிய நாட்கள் நிறைய.

அவர் மாற்றலாகிப் போய்விட்டார். அந்த ஒரு நொடியில் அவருக்குப் பதில் சொன்னது யார் என்று எனக்கு இன்றும் தெரியாது. ஆனால் ஊசியோடு யார் வந்தாலும், குத்துவதற்கு முன் ஒரு நொடி நிற்கிறாரா என்று பார்க்கிறேன்.