ஏரிக்கரையில் என்னை நம்பாதவர்கள்

கூடாரம் போட வருகிறவர்களுக்கு இடம் பிரித்துக் கொடுக்கும் வேலையில் ஒரு கோடை நின்று பாருங்கள், பெற்ற தாய் வந்து பெயர் சொன்னாலும் அடையாள அட்டையைக் கேட்பீர்கள். ஹோட்டல், ஆஸ்பத்திரி, நூலகம் என்று எங்காவது வரவேற்பு மேசைக்குப் பின்னால் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நீங்களும் நானும் ஒரே சாதி.

என் மேசை ஜேர்மனியில், ஹனோவரிலிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில், ஓர் ஏரிக்கரை முகாமில் இருக்கிறது. ஏப்ரலில் சேர்ந்தேன். ஆறு மாதம் 'புரோபெட்சைட்', அதாவது காரணம் சொல்லாமலே வீட்டுக்கு அனுப்பக்கூடிய காலம். இதற்கு முன் இரண்டு இடங்களில் அந்தக் காலம் முடிவதற்குள் அனுப்பிவிட்டார்கள். மூன்றாவதும் போனால் அம்மாவின் முகத்தைப் பார்க்கவே முடியாது. சேர்ந்த அன்றே மனேஜர் ஃபிராவ் லோரன்ஸ் சிரித்துக்கொண்டு சொன்னார்: "கோடையில் உங்கள் ஆட்கள் நிறைய வருவார்கள். நீங்கள் யார் பக்கம் என்று அப்போது பார்ப்போம்."

பதினொரு சோடி

பான் நகரத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். பதிவில் நாலு பேர். வான் வண்டியிலிருந்து இறங்கியதும் நாலு பேர்தான். ஆனால் பின்னால் இறங்கிய பானையில் ஒரு கல்யாண வீட்டுக்கே சமைக்கலாம். எனக்கு அப்போதே பொறி தட்டியது.

தமிழர்களை எண்ண ஆட்களைத் தேட வேண்டியதில்லை. கூடாரமே ஆனாலும் செருப்போடு உள்ளே போக மாட்டோம். பின்னேரம் ஒரு சுற்று நடந்தேன். வாசலில் வரிசையாகப் பதினொரு சோடி.

"அக்கா, நாலு பேரெண்டுதானே பதிஞ்சனீங்கள்?" என்றேன்.

"ஓம் தங்கச்சி. ஏரிக்கரை ஈரம் எல்லே, ஆளுக்கு மூண்டு சோடி கொண்டந்தனாங்கள்."

கணக்கில் நான் மோசமில்லை. "அப்பிடியெண்டால் பன்னிரண்டு வரவேணுமே அக்கா?"

உள்ளே யாரோ சிரிப்பை அடக்குவது கேட்டது. அக்காவின் முகத்தில் ஓர் அசைவும் இல்லை.

"என்ர மூத்தவனுக்கு ஒண்டு துலைஞ்சு போச்சு, பிள்ளை."

பச்சைக் கொப்பி

ஹெர் புஷ்மான் எங்கள் முகாமில் வருடக் குத்தகைக்கு இடம் வைத்திருப்பவர். வரவேற்புக்கு நேர் எதிரே, பாத்திரம் கழுவும் கூடத்தை ஒட்டி அவருடைய வண்டிவீடு. அதன் வேலிச்செடியை அளவுகோல் வைத்துத்தான் வெட்டுவார். முன்னால் மடக்குக் கதிரை, மடியில் பச்சை அட்டைக் கொப்பி, காதில் பென்சில். நான் கதவைத் திறந்தால் ஒரு வரி எழுதுவார், பூட்டினால் ஒரு வரி. தேத்தண்ணி குடிக்க ஐந்து நிமிஷம் கூடுதலாக இருந்தேனென்றால் அது இரண்டு வரி.

இந்த மனுஷன் எழுதுவதெல்லாம் ஒருநாள் லோரன்ஸின் மேசைக்குப் போகும், அன்றோடு என் கதை சரி என்று நினைத்தேன். ஜூனில் ஒருநாள் பொறுக்காமல் போய் நேராகவே கேட்டேன், என்ன எழுதுகிறீர்கள் என்று.

அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. "நடப்பதை" என்றார்.

ஈரக்காற்று இயந்திரம்

ஒரு சனிக்கிழமை மத்தியானம் கரையோர வரிசை முழுவதும் கரண்ட் போனது. சுவிட்சை ஏற்றினால் திரும்பவும் விழுகிறது. யாரோ பெரிய சாமான் ஒன்றைச் செருகியிருக்கிறார்கள். வரிசையாகக் கேட்டுக்கொண்டு போனேன். எல்லார் முகத்திலும் பச்சைக் குழந்தையின் கள்ளமின்மை.

கடைசிக் கூடாரத்தில் ஹனோவரில் ஆராய்ச்சி செய்யும் இரண்டு தம்பிகள், கோயம்புத்தூர்க்காரர்கள். வாசலை மறித்துக்கொண்டு நின்றார்கள். முதுகுக்குப் பின்னால் புகைபோல் ஆவி வந்துகொண்டிருந்தது. ஆவியில் சீரக வாசம். பத்து மீற்றர் தள்ளி ஏரி தளும்பிக்கொண்டிருந்தது.

"குக்கரா தம்பி?" என்றேன்.

"சத்தியமா இல்லக்கா. டென்ட்ல ஏர் ரொம்ப டிரையா இருக்கு, அதான் ஹியூமிடிஃபயர் வெச்சிருக்கோம்."

கையெழுத்தில்லாத துண்டு

செப்டம்பரில், என் ஆறு மாதம் முடிய நாலு நாள் இருக்கும்போது, லோரன்ஸ் என்னை உள்ளே கூப்பிட்டார். மேசையில் ஒரு துண்டுக் காகிதம். பெரிய எழுத்தில், கையெழுத்தில்லாமல்: சனிக்கிழமை மத்தியான ஓய்வு நேரத்தில் வரவேற்பில் உள்ள தமிழ்ப் பெண் தன் ஆட்களின் மூன்று வான்களுக்குத் தடுப்பைத் திறந்துவிட்டாள்.

மத்தியானம் ஒன்றிலிருந்து மூன்று வரை எங்கள் முகாமில் சத்தம் கூடாது, வாகனம் உள்ளே வரவும் கூடாது. வாசல் தடுப்பு இறங்கியே இருக்கும். அதைத் திறக்க என் மேசையில் ஒரு பொத்தான் இருக்கிறது. அந்தச் சனிக்கிழமை பான் அக்கா மறுபடி வந்திருந்தார் என்பது உண்மை. இந்த முறை ஒழுங்காக முழுப் பேரையும் பதிந்து, மூன்று வானில். ஆனால் அந்த நேரத்தில் நான் மேசையிலேயே இல்லை. பாத்திரம் கழுவும் கூடத்தில் தொட்டி அடைத்து, முழங்கை வரை கையை விட்டு யாரோ கொட்டிய சோற்றை அள்ளிக்கொண்டிருந்தேன். திரும்பி வரும்போது வான்கள் உள்ளே நின்றன. யாரோ வருடக் குத்தகைக்காரர் தன் அட்டையால் திறந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். அது என் பிழை.

இதையெல்லாம் சொல்லி, அக்காவுக்கு போன் பண்ணிக் கேட்கலாம் என்றேன். லோரன்ஸ் பேனையை மூடி வைத்தார். ஆறு மாதமும் இந்த ஒரு நாளுக்காகவே பயந்து பயந்து வேலை செய்தவள் நான்.

"உங்கள் ஆட்களைத் தவிர வேறு யாராவது உங்களைப் பார்த்தார்களா?"

இரண்டு ரோல்ஸ்

துண்டு எழுதியது புஷ்மான்தான் என்பதில் எனக்குத் துளி சந்தேகமும் இருக்கவில்லை. கோபம் தலைக்கேறியது. "ஹெர் புஷ்மானைக் கூப்பிடுங்கள், அவர்தானே எல்லாவற்றையும் எழுதுகிறார்!" என்று கத்திவிட்டேன். போகிற வேலை, கத்திவிட்டே போகட்டும் என்று இருந்தது.

புஷ்மான் வந்தார். கொப்பியை விரித்து, கண்ணாடி போட்டு, அந்தச் சனிக்கிழமையை வாசித்தார். "13.05: வரவேற்புப் பெண் கழுவும் கூடத்தில். சோறு அள்ளுகிறார். 13.20: இன்னும் சோறு. 13.25: மூன்று வான்கள் தடுப்புக்கு வெளியே, தீயணைப்பு வண்டி வரும் வழியை மறித்து நிற்கின்றன. ஓய்வு நேர விதியைவிடத் தீயணைப்பு விதி பெரியது. 13.27: தடுப்பு திறக்கப்பட்டது. திறந்தவர்: நான்." அடுத்த வரியையும் விடாமல் வாசித்தார். "13.31: வானில் வந்த பெண்மணியிடமிருந்து பொரித்த ரோல்ஸ், இரண்டு. மிகவும் உறைப்பு."

ஏன் இதை முன்பே சொல்லவில்லை என்று லோரன்ஸ் கேட்டார். யாரும் கேட்கவில்லை என்றார் அவர். லோரன்ஸ் துண்டை எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. எழுதியவர் யாரென்று இன்றுவரை தெரியாது. வேலிக்கு மேலால் எனக்குக் கை காட்டிச் சிரிக்கிற ஒவ்வொருவரையும் நான் இரண்டு தரம் பார்க்கிறேன்.

வெளியே வந்து அவருக்கு நன்றி சொன்னேன், உங்களைத் தப்பாக நினைத்துவிட்டேன் என்றும் சொன்னேன். கொப்பியை மூடிப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு அவர் சொன்னார்:

"நன்றி தேவையில்லை, உங்களை நான் இன்னும் நம்பவில்லை, கொப்பியில் இருந்ததைத்தான் வாசித்தேன்."

ஆறு மாதமும் என்னை ஒரு நிமிஷம்கூட நம்பாத மனிதரின் புண்ணியத்தில் இன்று நான் நிரந்தர ஊழியர், அவருடைய பக்கங்கள் தீர்ந்துவிடக் கூடாதே என்று ஒரு புதுப் பச்சைக் கொப்பியையும் வாங்கி என் மேசை லாச்சிக்குள் வைத்திருக்கிறேன்.